பதினேழாம் நம்பர் மருந்தும் அரைப்பிடி உப்பும்

நஞ்சம்மா எங்களிடம் வேலை கேட்டு வரவில்லை. நாயைக் கேட்டு வந்தாள்.

1957ஆம் வருஷம், தை மாதம். குருபரப்பள்ளிப் பக்கம் நாய் பிடிக்கப் போன எங்கள் வேன் ஐந்து நாய்களோடு திரும்பி வந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாசலில் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். முழங்கால் வரை புழுதி. நெடுஞ்சாலையில் ஏழு மைல், வேன் போன திசையைக் கேட்டுக் கேட்டு நடந்து வந்திருக்கிறாள்.

காவல்காரன் திம்மராயன் கதவைத் திறக்காமலே விசாரித்தான்.

“என்னா வேணும்?”

“எங்க செவல.”

“உள்ள அஞ்சு நாயி இருக்குது. எது நெத்தியிலயும் பேரு எழுதல.”

“எழுதியிருந்தா நீ படிச்சிருவியா? கதவத் தொற. கூப்பிட்டா அதுவே வரும்.”

செவலை அப்போது உள்ளே பலகைமேல் இருந்தது. இரண்டு ஆட்கள் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவன் கையில் கடி. டாக்டர் சென்னகிருஷ்ணன் வியர்த்து நின்றார். எங்கள் வேலையே நாயின் ரத்த அழுத்தத்தை அளப்பது. தொடை இடுக்கில் துடிக்கும் குழாயில் ஊசியைச் செருகி அளக்க வேண்டும். நாய் பயந்தால் போதும், அழுத்தம் எகிறிவிடும். பிறகு அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஒரு மாதமாக எங்களுக்கு உருப்படியாக ஒரு எண்கூடக் கிடைத்திருக்கவில்லை.

நஞ்சம்மா உள்ளே வந்தாள். பலகை ஓரத்தை இரண்டு தட்டு தட்டி, “பண்டுக்கோ” என்றாள். தெலுங்கில் ‘படு’. செவலை படுத்தது. அவள் அதன் தாடைக்கடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். ஆட்கள் கையை எடுத்தார்கள். நாய் அசையவில்லை.

டாக்டர் அவளையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். “நீ இங்க வேலைக்கு வர்றியா? மாசச் சம்பளம்.”

“நாயி?”

“நாயும் இங்கதான் இருக்கும்.”

அவள் பலகையை, ஊசியை, கண்ணாடிக் குழாயில் நின்ற பாதரசத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அங்கே என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. “வர்றனுங்க” என்றாள்.

நாயை மீட்க வந்தவள் நாய்க்காகவே தங்கிவிட்டாள் என்று இதை அழகாகச் சொல்லிவிடலாம். அவள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. “வேலைக்காக அத குடுத்துட்டன்” என்பாள், யாராவது கேட்டால். கேட்காவிட்டாலும் சில நாள் சொல்வாள்.

அஞ்செட்டிக்கு அப்பால் காட்டோர ஊரில் மாடு மேய்க்கிற வீட்டில் பிறந்தவள். பாரூர்ப் பக்கம் ராமப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டாள். ராமப்பன் காய்ச்சலில் போனபின் குருபரப்பள்ளியில் அக்கா வீடு. அக்கா புருஷன் சோற்றுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே இன்றைக்கு அவன் மனசு எப்படி என்று தெரிந்துவிடும் என்பாள். அங்கே திரும்பிப் போகக் கூடாது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே திட்டம். வேலை கிடைத்ததும் பக்கத்திலேயே ஒரு குடிசையை வாடகைக்குப் பிடித்தாள். எங்களிடம் வந்தபோது முப்பத்தைந்து இருக்கலாம். கன்னடத்தில் எண்ணுவாள், தெலுங்கில் திட்டுவாள், மற்றதெல்லாம் தமிழ்.

எங்கள் மருந்துக் கம்பெனி பெங்களூரில் இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே அக்கம்பக்கத்துக்காரர்கள் நாய்கள் குரைப்பதாக மனு மேல் மனு கொடுக்க, மிருகங்களை மட்டும் எல்லைக்கு இந்தப் பக்கம், சூளகிரிக்கு வெளியே ஒரு பழைய பங்களாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே மதுவிலக்கு, மைசூர்ப் பக்கம் இல்லை. ஊசியைத் துடைக்கிற ஸ்பிரிட் புட்டி வரும்போதெல்லாம் சோதனைச் சாவடியில் அரை நாள் நிற்கும். நாய்க்கு எதற்கு ஸ்பிரிட் என்று கேட்ட சிப்பாயிடம், “எங்க நாய்ங்க எல்லாம் மைசூர்க்காரங்க சாமி, பழக்கம் உட முடியல” என்று திம்மராயன் சொல்லி, அதற்காக இன்னும் அரை நாள் நின்றது. எனக்கு அங்கே வேலை, டாக்டர் சொல்லும் எண்களை எழுதுவது. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் என்று வளர்ந்தவன் என்பதால் இரண்டு பக்கத்து ஆட்களோடும் பேசுவேன் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோரும் என்னை ரைட்டர் என்றார்கள். இன்று கடல் தாண்டி ஒரு ஊரில் உட்கார்ந்து, எழுதியதையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் இந்தப் பழக்கம் அங்கே வந்ததுதான்.

நஞ்சம்மா வந்த சில வாரங்களில் ஆறு நாய்களுக்கு ஆபரேஷன் நடந்தது. மயக்கம் கொடுத்து, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் ஒரு சின்ன வெள்ளிக் கவ்வியை மாட்டி, குழாயைப் பாதி நெருக்கிவிடுவார் டாக்டர். மூன்று வாரத்தில் நாயின் அழுத்தம் இருநூறைத் தொடும். அப்புறம் மருந்தைக் கொடுத்து அது இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். செவலைக்கும் கவ்வி மாட்டினார்கள். தையல் ஆறும்வரை நஞ்சம்மா கூண்டுக்கு வெளியே கோணிப்பையில் படுத்தாள்.

“இந்த மருந்து என்னாதான் பண்ணுமுங்க?” என்று ஒருநாள் டாக்டரையே கேட்டாள்.

டாக்டர் பாரூரில் நிலபுலன் உள்ள குடும்பத்துப் பிள்ளை. சென்னையிலும் சீமையிலும் படித்தவர். ஆனாலும் விளக்கம் சொல்ல வந்தால் பாரூர்தான். “ரத்தக்கொழாய வாய்க்கால்னு வெச்சுக்க. உள்ளயிருந்து ஒருத்தன் ஓடியாந்து ‘மடைய மூடு, மடைய மூடு’ன்னு கத்திக்கிட்டே இருக்கான். மூட மூட வாய்க்கால்ல தண்ணி நெருக்குது. கரை ஒடையப் பாக்குது. அதான் பிரஷர்.”

“கத்தறவன் வாயக் கட்டிட்டா?”

“அவன் வாயக் கட்டல. மடையில நிக்கறவன் காத அடைக்கறோம். மருந்து போய் அந்தக் காதுல உக்காந்துக்கும். சேதி வரும், கேக்காது. மடை தொறந்தே கெடக்கும், நெருக்கம் கொறையும்.”

ரத்தக்குழாய்ச் சுவரில் நரம்பின் செய்தியை வாங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஏற்பி என்பார்கள். அதைத்தான் அவர் காது என்றார்.

நஞ்சம்மா யோசித்தாள். “அப்போ மேட்டுக் கழனிக்குத் தண்ணி ஏறணும்னா? கீழ் மடைய மூடித்தானுங்களே ஆவணும்?”

டாக்டர் சிரித்தார். “தலதான் மேட்டுக் கழனி. அதுக்குத்தான் மருந்து தின்னுட்டுச் சட்டுனு எந்திரிச்சா தல சுத்தும். அளவு பாத்துக் குடுத்தா சுத்தாது.”

மருந்துக்குப் பெயர் கிடையாது. புட்டியில் எண் மட்டும்: பதினேழு. முதல் வாரம் கொடுத்ததுமே இருநூறு நூற்று முப்பதாக இறங்கியது. டாக்டர் அன்று எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். ஆனால் நாய்கள் சரியாக இல்லை. கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைத் தோல் பாதிக் கண்ணுக்கு ஏறி நின்றது. மூக்கு அடைத்து, வாயால் மூச்சு விட்டன. காதைத் தொட்டால் சூடு. எழுந்து நின்றால் பின்னங்கால் மடிந்தது. செவலை தண்ணீர்த் தொட்டிவரை நடந்து, தலையைத் தொட்டி விளிம்பில் முட்டுக்கொடுத்து, அப்படியே சரிந்தது.

நாய்களுக்குச் சாப்பாடு ராகிக் களியும் எலும்புச் சாறும், ஆக்குவது நஞ்சம்மா. உப்பு ஒரு கல்கூடச் சேரக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. உப்பு அழுத்தத்தை மாற்றும் என்பதால். அதை யாரும் அவளிடம் காரணத்தோடு சொல்லவில்லை. கூடாது என்று மட்டும் சொன்னோம்.

அஞ்செட்டி மலை ஏற்றத்தில் மாடு மயங்கி உட்கார்ந்துவிட்டால், கொள்ளுத் தண்ணீரில் அரைப்பிடி உப்பைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். மாடு எழுந்துவிடும். பிள்ளை பெற்றவளுக்குத் தலை சுற்றினாலும் அதேதான், அளவுதான் குறைவு. இரண்டாம் வாரத்திலிருந்து சாயங்காலக் களியில் நாய்க்கு அரைப்பிடி என்று நஞ்சம்மா உப்புப் போட ஆரம்பித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. நாய்கள் எழுந்து நடந்தன.

மூன்றாம் வாரம் சமையலறையில் ராகிக் குதிருக்குப் பின்னால் உப்புச் சட்டியை நான் பார்த்தேன். அவள் கஞ்சிக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

மூன்றாம் வாரத்தில் அழுத்தம் நூற்று அறுபதுக்கு ஏறியது. டாக்டர் மருந்தை இரண்டு மடங்காக்கினார். கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது. மூன்று மடங்கு. எட்டாம் வாரம் நான்கு மடங்கு. ஒன்பதாம் வாரமும் அழுத்தம் நூற்று எண்பதில் நின்றது, நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு நின்றன. டாக்டர் சொல்லச் சொல்ல எழுதினேன்: உடம்பு மருந்துக்குப் பழகிக்கொள்கிறது, பலன் வேண்டுமானால் அளவைக் கூட்ட வேண்டும், நான்கு மடங்கு வரை ஆபத்தில்லை.

அவர் அவசரப்பட்டார். ஏனென்று எனக்கு மட்டும் தெரியும். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அவர் கையில் நான் பட்டை கட்டி அளப்பேன். இருநூற்று இருபது, கீழ் எண் நூற்று முப்பது. பெங்களூர்க் கண் டாக்டர் அவர் கண்ணின் பின்சுவரில் ரத்தத் திட்டுகளைப் பார்த்திருந்தார். அவருடைய அப்பா நாற்பத்தாறு வயதில் ஒரு காலை வரப்பில் நின்றபடியே ஒரு பக்கம் விழுந்துபோய், மூன்றாம் நாள் முடிந்துபோனார். டாக்டருக்கு நாற்பத்து நான்கு. ஒரு வருஷமாக மனைவி லட்சுமியம்மாள் கேரியரில் உப்பில்லாத சாப்பாடுதான் அனுப்பினார். “எனக்கும் நாய்க்கும் ஒரே சமையல்” என்று சமையலறை வாசலில் நின்று அவர் சொல்லிச் சிரித்தது எல்லோர் காதிலும் விழுந்ததுதான்.

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கும்படி பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. ஒரு வியாழக்கிழமை அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “திங்கக்கெழம நானே முழுங்கறேன். நாலாவது அளவு. என் எடைக்குக் கணக்குப் போட்டு வை.”

நான் போட்டு வைத்தேன்.

மறுநாள் சமையலறையில் திம்மராயன் சொல்லிக்கொண்டிருந்தான். “கேட்டியா நஞ்சி, திங்கக்கெழம நாயி மருந்த டாக்டரே திங்கப் போறாராம். செவ்வாக்கெழம கூண்டுல ஒரு எடம் ஒதுக்கி வெய்யி.”

களிக் கோல் நின்றது. “எவ்வளவு?”

“நாய்ங்களுக்கு இப்பக் குடுக்கறதேதான். அதுங்க தாங்குதில்ல? அவரு உடம்பு பெருசு, அதுக்குத் தக்கன கூட.”

அவள் என்னைத் தேடி வந்தாள். “ரைட்டரே, நான் ஒண்ணு செஞ்சுட்டன்.”

“தெரியும்” என்றேன்.

அவள் முகம் மாறியது. “தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?”

“நஞ்சக்கா, இப்ப சொன்னா இன்னிக்கே உன்ன அனுப்பிடுவாரு. அரைப்பிடி உப்பு அப்பிடி என்ன பண்ணிடும்?”

“எந்திரிக்காத நாயி எந்திரிச்சுதே. அது போதாதா? அவரு உப்பே திங்கறதில்ல. அவரு எதப் புடிச்சு எந்திரிப்பாரு?”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். நான் யோசித்தது என் வேலையைப் பற்றி.

அன்றும் மறுநாள் காலையும் அவள் கூட்டிய இடத்தையே கூட்டினாள். முதன்முறையாக ராகி அடிப்பிடித்தது. டாக்டர் அறை வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினாள். மூன்றாவது தடவை அவர் நிமிர்ந்து, “என்னம்மா?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க. தண்ணி வேணுமான்னு.”

“இப்பத்தான கொண்டாந்து வெச்ச?”

“ஆமாங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள். குருபரப்பள்ளிக்குப் போகும் சாலையை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே வந்தாள். மறுபடி போய்ப் பார்த்தாள்.

சனிக்கிழமை மதியம் நான் டாக்டர் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டாமல் திறந்தாள்.

“அந்த மருந்த நீங்க முழுங்காதீங்க. நாய்ங்களுக்கு நான் உப்பு போட்டன். ரெண்டாவது வாரத்துலயிருந்து. தெனமும்.”

டாக்டருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. “எவ்வளவு போட்ட?”

“அரைப்பிடி.”

“போய் எடுத்துட்டு வா.”

சட்டியோடு வந்தாள். தராசில் போடச் சொன்னார். அரைப்பிடி: பதினொன்றரை கிராம். மறுபடி போடு என்றார். பன்னிரண்டு. இன்னொரு தடவை. பதினொன்றரை. அவள் கை தராசைவிடப் பெரிதாகத் தவறவில்லை. அவர் குறிப்பேட்டை இழுத்து, இரண்டாம் வாரத்தில் விரலை வைத்தார். விரல் பக்கம் பக்கமாக நகர்ந்தது. மருந்து கூடக் கூட அழுத்தம் ஏறியிருந்த ஒவ்வொரு எண்ணிலும் நின்றது.

“எட்டு வாரண்டி!” என்று கத்தினார். “எட்டு வாரம்! யாரக் கேட்டுடி போட்ட?”

“உழுந்து உழுந்து எந்திரிச்சுதுங்க. பாக்க முடியல.”

அவர் என் பக்கம் திரும்பினார். “ரைட்டர், உனக்குத் தெரியுமா இது?”

“தெரியாது சார்” என்றேன்.

நஞ்சம்மா என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். “ஒரு சமையக்காரி பேச்ச வெச்சு எட்டு வாரத்த அடிக்க முடியாது. நாயே சொல்லட்டும். இன்னிலயிருந்து அஞ்சு நாளு உப்பும் இல்ல, மருந்தும் இல்ல. வியாழக்கெழம அதே நாலாவது அளவு. செவலைக்கு.”

“செவல வேணாங்க.”

“அதோட கணக்குத்தான் ஒரு நாள் விடாம இருக்குது.”

“பாதி மருந்தாவது குடுங்க.”

“நான் முழுங்கப் போறது பாதி இல்லியே.”

அதன்பின் அவள் கேட்கவில்லை. அந்த ஐந்து நாளும் உப்புச் சட்டியை டாக்டரின் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தாள், காலையில் வந்ததும். போகும்போது எடுத்துக்கொண்டு போனாள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டரை மணி. உருளையில் புகை படிய வைத்த கறுப்புத் தாள் சுற்றியது. பாதரசத்தின்மேல் மிதக்கும் முள் அதில் வெள்ளைக் கோடு கீறிக்கொண்டே போனது. செவலை பலகைமேல் படுத்திருந்தது, அதன் தாடை நஞ்சம்மாவின் உள்ளங்கையில். நூற்றுத் தொண்ணூறு. மருந்து ஏறியது. நூற்று ஐம்பது. நூற்றுப் பத்து. தொண்ணூறு. அங்கே நின்றது.

“எறங்குது. ஆனா தாங்குது பாரு” என்றார் டாக்டர். குரலில் ஆசை தெரிந்தது. “திம்மராயா, தலப்பக்கம் தூக்கு.”

திம்மராயன் பிடியைச் சுற்றினான். பலகையின் தலைப்பக்கம் உயர்ந்து, கீல் முளையில் பூட்டிக்கொண்டது. நாய் நிற்கிற மாதிரிச் சாய்ந்தது. கோடு விழுந்தது. இறங்கியது என்று சொல்ல மாட்டேன், விழுந்தது. அறுபது, நாற்பது. கண்ணில் வெள்ளைத் தோல் ஏறி மூடியது. நாக்கு வெளுத்துத் தொங்கியது. டாக்டர் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கை தன் கழுத்துக்குப் போயிருந்தது.

“எறக்கு!” என்றாள் நஞ்சம்மா. திம்மராயன் டாக்டரைப் பார்த்தான். அவள் காலால் முளையை எற்றினாள். பலகை தடால் என்று படுத்தது.

அந்தச் சத்தத்தில்தான் டாக்டருக்கு உணர்வு வந்தது. “உப்புத் தண்ணி! சலைன் புட்டி, ரெண்டும் கொண்டா!” என்று கத்திக்கொண்டே நாயின் முன்னங்காலில் நரம்பைத் தேடினார். முதல் தடவை தவறியது. இரண்டாவது தடவையும். மூன்றாவதில் ஏறியது. ஒரு புட்டி இறங்கி, இரண்டாவது பாதியில் கோடு மெல்ல மேலே வர ஆரம்பித்தது. செவலை தலையைத் தூக்கும்போது மணி பதினொன்று ஆகிவிட்டது.

டாக்டர் கையைக் கழுவினார். அவளைப் பார்க்காமல், “வீட்டுக்குப் போ. நாளைக்கு வராத” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

பிறகு சிவப்பு மையும் அடிக்கோலும் கேட்டார். எட்டு வாரத்தையும் பக்கத்துக்கு ஒரு கோடாக அடித்தார். கடைசிப் பக்கத்தில் கை நின்றது. “இந்தப் பங்களாவுல எத்தன படி?”

“பன்னண்டு சார்.”

“நான் மூணாவது படியில போயிருப்பேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை வழக்கமான நேரத்துக்கு நஞ்சம்மா வந்தாள். திம்மராயன் கதவுக்குக் குறுக்கே நின்றான்.

“உன்ன வரக்கூடாதுன்னாரே.”

“ஆறு நாயிக்கு அவரு களி கிண்டுவாரா? இல்ல நீ கிண்டுவியா? நீ கிண்டினா அதுங்க மருந்தில்லாமயே உழுந்துரும். தள்ளு.”

அவன் தள்ளினான். டாக்டர் வந்தபோது சமையலறையில் புகை. வாசலில் கொஞ்சம் நின்றார், போய்விட்டார். அன்றும் சரி, அதற்குப் பின்பும் சரி, இரு என்றும் அவர் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பெங்களூருக்குப் போன அறிக்கையில் ‘உணவில் உப்புக் கலந்தது, என் கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தார். நான்தான் டைப் அடித்தேன். அந்த இடம் மூடப்படும்வரை, இன்னும் நான்கு வருஷம், நஞ்சம்மா ஒவ்வொரு காலையும் திம்மராயன் கதவைத் திறக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தாளாம். நான் 1959இல் கிளம்பிவிட்டேன். செவலை அதே வருஷக் கடைசியில் தூக்கத்தில் செத்ததாகவும், ஆய்வுக்கூடம் மூடியபின் அவள் ஓசூர்ப் பக்கம் ஒரு பட்டுக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்ததாகவும் திம்மராயன் யாரையோ பிடித்து எழுதிப் போட்டான். குருபரப்பள்ளிக்குப் போகவில்லை. அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஆனால் ஐப்பசியில் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

சோதனையை முதலிலிருந்து தொடங்கியிருந்தோம், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் எடை போட்டு. நான்காவது அளவில் கால் பங்கே போதும் என்று தெரிந்தது. ஒரு புதன்கிழமை டாக்டர் அதில் பாதியை எடுத்துத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் பெஞ்சில் படுத்தார். நான் அளந்தேன். இருநூற்றுப் பதினைந்து, மெல்ல நூற்று அறுபது. எழுந்து உட்கார்ந்தார். நூற்று நாற்பது. முகம் மலர்ந்தது. “ரைட்டர், நின்னு பாக்கறேன்” என்றார்.

நின்றார். சுவரைத் தேடினார். நான் பிடிப்பதற்குள் பெஞ்சிலேயே சரிந்துவிட்டார். எண்பதுக்கும் கீழே. உதடு வெளுத்திருந்தது.

நஞ்சம்மா ஜன்னலுக்கு வெளியே எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ. உள்ளே வந்து அவர் காலிரண்டையும் தூக்கிப் பெஞ்சின் கைப்பிடிமேல் வைத்தாள். கையில் ஒரு டம்ளர் கொள்ளுத் தண்ணீர், ஆவி பறந்துகொண்டிருந்தது.

“இதுல எவ்வளவு?” என்றார் டாக்டர், கண்ணைத் திறக்காமல்.

“கால் பிடி.”

அவர் தலையைத் தூக்கிக் குடித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் நாக்கில் உப்புப் படாத மனுஷன். டம்ளரின் அடிவரை குடித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“எழுதுங்க ரைட்டரே. உப்பு போட்டது, எவ்வளவுன்னு, எத்தன மணிக்குன்னு. நான் குடுத்தன்னு எழுதுங்க.”

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் காலி டம்ளரைக் கீழே வைத்தார். எழுதினேன்: பதினொன்று இருபது, கொள்ளுத் தண்ணீரில் கால் பிடி உப்பு, கொடுத்தது நஞ்சம்மா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நான் எழுதி முடித்து மை காயும்வரை, என் தோளுக்குப் பின்னால் நின்று அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.